பார்பரா ஜோர்டன்: டெக்சஸ் செனட்டில் தொடங்கிய பாதை – கேள்வி பதில்

அமெரிக்க அரசியலைப் பற்றி எதைப் பேசினாலும் நான் கடைசியில் பார்பரா ஜோர்டனிடம்தான் வந்து நிற்பேன் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஹூஸ்டனில் வாழ்ந்த ஆண்டுகளில் பிடித்த பைத்தியம் அது, இன்னும் விடவில்லை. கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆஸ்டின் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலையைப் பார்த்தேன். முனையத்துக்கே அவர் பெயர். யார் அக்கா இவர்?

அவரேதான். 1936 பிப்ரவரி 21 அன்று ஹூஸ்டனில் பிறந்தவர். 1966-ல் டெக்சஸ் மாநில செனட்டுக்கும், 1972-ல் வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென் மாநிலங்களிலிருந்து அமெரிக்க காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் இவர்.

கேள்வி: செனட், காங்கிரஸ், பிரதிநிதிகள் சபை… எனக்கு எப்போதும் குழப்பம். மாநில செனட்டர் எப்படி "காங்கிரஸ் உறுப்பினர்" ஆனார்?

குழம்புவது இயல்பு. நம் காதுக்குக் காங்கிரஸ் என்றால் கட்சி. அங்கே அது நாடாளுமன்றத்தின் பெயர். செனட், பிரதிநிதிகள் சபை என்று அதற்கு இரண்டு அவைகள். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சட்டமன்றமும் அப்படி இரண்டு அவைகள்தான். டெக்சஸில் மாநில செனட்டுக்கு 31 இடம், கீழவைக்கு 150. ஜோர்டன் அந்த 31 பேரில் ஒருவராக ஆறு ஆண்டு இருந்துவிட்டு, பிறகு வாஷிங்டனின் 435 பேரில் ஒருவரானார். டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடும். அன்று உறுப்பினர் சம்பளம் ஆண்டுக்கு 4,800 டாலர். அதை மட்டும் நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது, வேறு தொழில் வேண்டும். ஜோர்டன் வக்கீல்.

கேள்வி: வசதியான குடும்பமா?

இல்லை. ஹூஸ்டனின் ஐந்தாம் வார்டு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. அப்பா பெஞ்சமின் ஜோர்டன் கிடங்கில் எழுத்தர், பாப்டிஸ்ட் சபையில் போதகரும்கூட. அம்மாவின் அப்பா பழைய சாமான் வாங்கி விற்பவர். பேத்தி யாரையும் பார்த்து நடக்கக் கூடாது, தன் வழியில் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர்தான். பள்ளிக்கு ஒருநாள் சிகாகோவிலிருந்து ஈடித் சாம்ப்சன் என்ற கறுப்பினப் பெண் வக்கீல் பேச வந்தார். தானும் வக்கீலாக வேண்டும் என்று அன்றே இந்தப் பெண் முடிவு செய்துவிட்டாள்.

1952-ல் பள்ளி முடித்தபோது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் இளநிலை வகுப்புகள் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. கறுப்பினத்தவருக்கென்று மாநில அரசு 1947-ல் ஹூஸ்டனில் தொடங்கிய டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே தாமஸ் ஃப்ரீமன் என்ற ஆசிரியர் நடத்திய பட்டிமன்றக் குழுவில் சேர்ந்தார். ஹார்வர்டு குழுவோடு மோதி சமநிலையில் முடித்த குழு அது. பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1959-ல் முடித்தார். அங்கே போன பிறகுதான், பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகள் தன்னிடமிருந்து எதையெல்லாம் பறித்தன என்று தெரிந்தது. பதினாறு ஆண்டுப் பாக்கியை உட்கார்ந்து படித்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தது என்று பின்னாளில் சொன்னார். அந்த வரி எனக்கு இன்னும் வலிக்கும்.

கேள்வி: இரண்டு தடவை தோற்றார் என்று படித்தேன். மூன்றாவது தடவை அப்படி என்ன மாறியது?

அவர் மாறவில்லை, தொகுதி மாறியது. இதை விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய ஜோர்டன் பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1960 ஜனாதிபதித் தேர்தலில் கென்னடி–ஜான்சன் பிரசாரத்துக்காகக் கறுப்பினப் பகுதிகளில் தெருத் தெருவாக ஆள் சேர்த்தார். 1962-லும் 1964-லும் மாநிலக் கீழவைக்கு நின்றார். அப்போது ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. எந்த இடத்துக்கு நின்றாலும் மொத்தக் கவுண்டியும் வாக்களிக்கும். ஐந்தாம் வார்டு முழுக்க அவர் பக்கம் நின்றாலும், வெள்ளையர் பெரும்பான்மை அந்த வாக்குகளை மூழ்கடித்துவிடும். போதாக்குறைக்கு வாக்கு வரி. ஒன்றரை டாலருக்கு மேல் முன்கூட்டியே கட்டினால்தான் வாக்களிக்கலாம். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

பிறகு இரண்டு விஷயம் நடந்தன. 1964-ல் ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளின் தொகுதிகளும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்றது. ஹாரிஸ் கவுண்டிக்கு அதுவரை ஒரே ஒரு செனட்டர், இனி பல. தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்தபோது, ஜோர்டன் வீடு வீடாக ஏறி இறங்கிய பகுதிகளே 11-ம் தொகுதியில் வந்தன. 1966-ல் வாக்கு வரியும் நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிந்தது. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், ஏற்கெனவே சட்டமன்றத்தில் இருந்த ஒரு வெள்ளையரைத் தோற்கடித்தார். அன்றைய டெக்சஸில் உட்கட்சித் தேர்தலை வென்றாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. 1883-க்குப் பிறகு டெக்சஸ் செனட்டுக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

கேள்வி: முப்பது வெள்ளை ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பினப் பெண். எப்படிச் சமாளித்தார்? தினமும் சண்டை போட்டிருப்பாரே!

போடவில்லை. அதற்காக அவரைத் திட்டியவர்களும் உண்டு. முதல் நாட்களில் அதிகம் பேசாமல் உட்கார்ந்து கவனித்தார். அவை விதிகளைக் கரைத்துக் குடித்தார். யார் யாருக்கு எந்த மசோதா முக்கியம், யாருக்கு யார் கடன்பட்டவர் என்று தெரிந்துவைத்துக்கொண்டார். அவரைத் தங்கள் கூட்டத்தில் சேர்க்கத் தயங்கியவர்கள், கொஞ்ச நாளில் அவர் வாக்கைக் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

ஒரு சம்பவம் போதும். வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்று வந்தது. ஏழைகள், கறுப்பினத்தவர், மெக்சிக வம்சாவளியினர் மீதுதான் அதன் அடி விழும். டெக்சஸ் செனட்டின் அன்றைய வழக்கப்படி, ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. அப்படியென்றால் 31 பேரில் 11 பேர் மறுத்தால் போதும், மசோதா படுத்துவிடும். ஜோர்டன் ஒருவர் ஆயிற்றா, இன்னும் பத்துப் பேர். ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். பழைய உதவிகளை நினைவூட்டினார். பத்துப் பேரின் சம்மதம் கைக்கு வந்ததும் மசோதாவைக் கொண்டுவந்தவரிடம் நிலவரம் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான், அது எழவே இல்லை. மேடைப் பேச்சு எதுவும் கிடையாது. அவருடைய குரலை உலகம் புகழ்கிறது, புகழட்டும். எனக்கு அவர் முதலில் வாக்குகளை எண்ணத் தெரிந்தவர்.

டெக்சஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர் இருந்த காலத்தில்தான் வந்தது. அதற்காக அவர் பாடுபட்டார். மத்தியச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்ற தொழிலாளிகளுக்கு அது பெரிய விஷயம். வேலையில் காயம்பட்டவர்களின் இழப்பீட்டை உயர்த்தவும் உழைத்தார்.

கேள்வி: ஒருநாள் கவர்னராக இருந்தாராமே, நிஜமா?

நிஜம். 1972-ல் சக உறுப்பினர்கள் அவரை செனட்டின் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கவர்னரும் துணை கவர்னரும் மாநிலத்துக்கு வெளியே இருந்தால் அந்தப் பதவியில் இருப்பவர்தான் பொறுப்புக் கவர்னர். அதைப் பயன்படுத்தி ஒருநாள் அவரைக் கவர்னராக உட்கார வைத்து மரியாதை செய்வது அங்கே வழக்கம். ஜூன் 10 அன்று ஜோர்டன் அந்த நாற்காலியில் அமர்ந்தார். விழாவுக்கு வந்திருந்த அப்பா அன்றே பக்கவாதத்தில் சாய்ந்தார். மறுநாள் இறந்துபோனார். மகள் அந்த இடத்தில் இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

கேள்வி: தன் காங்கிரஸ் தொகுதியைத் தானே வரைந்துகொண்டார் என்கிறார்களே. இது நியாயமா?

நேர்மையான கேள்வி. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சஸில் தொகுதிகளை மாற்றியபோது, அதற்கான செனட் குழுவில் அவர் துணைத் தலைவர். ஹூஸ்டனின் நடுப்பகுதியில் 18-ம் தொகுதி உருவானது, அதில் அவர் நின்றார். அதே சமயம் அவருடைய பழைய மாநில செனட் தொகுதி சிதறிப்போனது. தனக்குப் பின் இன்னொரு கறுப்பின செனட்டர் வரும் வழியை அவர் அடைத்துவிட்டார், அதிகாரத்தில் இருந்தவர்களோடு கைகோத்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டினார் கர்ட்டிஸ் கிரேவ்ஸ். இவரும் கறுப்பினத்தவர், மாநிலக் கீழவை உறுப்பினர். அவரே உட்கட்சித் தேர்தலில் ஜோர்டனை எதிர்த்து நின்று படுதோல்வி அடைந்தார்.

கிரேவ்ஸின் கோபத்தை என்னால் தள்ள முடியவில்லை. செனட் தொகுதி போனது உண்மையான இழப்பு. ஆனால் 1901-க்குப் பிறகு தென் மாநிலங்களிலிருந்து ஒரு கறுப்பினத்தவர்கூட காங்கிரஸில் இருந்ததில்லை. 1972-ல் ஜார்ஜியாவில் ஆண்ட்ரூ யங்கும் டெக்சஸில் ஜோர்டனும்தான் அந்த எழுபது ஆண்டை முடித்துவைத்தார்கள். பென்சில் பிறர் கையிலேயே இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: புதிதாகப் போனவருக்கு நீதித்துறைக் குழுவில் எப்படி இடம் கிடைத்தது?

லிண்டன் ஜான்சன். முன்னாள் ஜனாதிபதி, டெக்சஸ்காரர், இவரைச் செனட்டர் காலத்திலிருந்தே கவனித்தவர். அந்தக் குழுவைக் கேள் என்று சொல்லி, ஆக வேண்டிய பேச்சையும் அவர் பேசினார். 1973 ஜனவரியில் ஜான்சன் இறந்துவிட்டார், அதனால் அந்த யோசனை எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரியாது. ஒன்றரை ஆண்டில், வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய ஜனாதிபதி நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணை அதே குழுவின் முன் வந்தது.

கேள்வி: அந்த 1974 பேச்சில் அப்படி என்ன இருக்கிறது?

1974 ஜூலை 25 இரவு. குழுவில் 38 பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நாடே தொலைக்காட்சி முன்னால். "மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது அரசியல் சாசனம். 1787 செப்டம்பர் 17 அன்று அது எழுதி முடிக்கப்பட்டபோது அந்த "நாம்" என்பதில் நான் இல்லை என்றார். சாசனத்தை உருவாக்கிய ஜார்ஜ் வாஷிங்டனும் ஹாமில்டனும் தவறுதலாக என்னை விட்டுவிட்டார்களோ என்று பல ஆண்டு நினைத்தேன் என்றார். திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் கடைசியில் உள்ளே வந்துவிட்டேன், சாசனத்தின் மீது எனக்குள்ள நம்பிக்கை முழுமையானது, அது சிதைக்கப்படுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றார்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். மீதியை யாரும் படிப்பதில்லை. சாசனத்தை உருவாக்கியவர்கள் எதற்காக ஒரு ஜனாதிபதியை நீக்கலாம் என்று சொன்னார்களோ, அதை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார். பக்கத்திலேயே நிக்சன் செய்ததை வைக்கிறார். திட்டு ஒன்றும் கிடையாது. உணர்ச்சி அல்ல, அறிவே நம்மை வழிநடத்த வேண்டும் என்று முடிவில் சொல்கிறார். இரண்டு நாள் கழித்துக் குழு 27–11 என்று முதல் குற்றச்சாட்டை ஏற்றது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.

கேள்வி: பேச்சு சரி. சட்டம் ஏதாவது?

வாக்களிப்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டத்தை 1975-ல் நீட்டித்தபோது, டெக்சஸும் மெக்சிக வம்சாவளி வாக்காளர்களும் அதன் பாதுகாப்புக்குள் வரும்படி செய்ததில் இவர் பங்கு பெரிது. டெக்சஸ் அதிகாரிகள் எதிர்த்தார்கள். ஸ்பானிய மொழி வாக்குச்சீட்டு அங்கே இன்று சாதாரணமான விஷயம், அதன் வேர் இங்கே இருக்கிறது. கடைக்காரர் இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று உற்பத்தியாளர் கட்டிப்போட இடம்தந்த பழைய சட்டங்களை நீக்கியதிலும் முன்னின்றார்.

கேள்வி: புகழின் உச்சியில் ஏன் விலகினார்?

1976-ல் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முக்கிய உரை அவருடையது. அந்த மேடையில் அந்த உரையை ஆற்றிய முதல் கறுப்பினப் பெண். அதற்கு முன்பே, 1973-லேயே, நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோய் கண்டறியப்பட்டிருந்தது. வெளியே சொல்லவில்லை. மூன்று பதவிக் காலத்தோடு 1979 ஜனவரியில் விடைபெற்றார். நோய் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 435 பேரில் ஒருவராக இருப்பது, 31 பேரில் ஒருவராக இருந்து காரியம் முடித்தவருக்கு நிறைவு தந்திருக்காது என்று தோன்றும்.

அப்புறம் எங்கே போனார் தெரியுமா? தன் காலத்தில் தன்னைப் போன்றவர்களுக்கு இடம் தராத அதே டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு, பேராசிரியராக. அவர் வகுப்பில் சேரக் குலுக்கல் நடத்த வேண்டியிருந்தது.

கேள்வி: நான் டல்லாஸில் இருக்கிறேன். தம்பி இங்கே குடியேற விண்ணப்பித்துவிட்டுப் பல ஆண்டாகக் காத்திருக்கிறேன். குடியேற்றத்தைக் குறைக்கச் சொன்னவரும் இதே ஜோர்டன்தானா?

ஆமாம். 1990-களின் நடுவில் குடியேற்றச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவர் அவர். சட்டப்படி வருவோர் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஏறத்தாழ 5,50,000 ஆகக் குறைக்கவும், உடன்பிறந்தோருக்கான பிரிவை நீக்கவும் ஆணையம் பரிந்துரைத்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை, அதனால்தான் உங்கள் விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது. என் வீட்டிலும் அப்படி ஒரு விண்ணப்பம் உண்டு, இதில் அவரோடு நான் உடன்படவில்லை. ஆனால் அதே ஜோர்டன், அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று மாற்ற முயன்றவர்களை 1995-ல் காங்கிரஸ் முன் நேராக எதிர்த்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

கேள்வி: எப்போது இறந்தார்?

1996 ஜனவரி 17, ஆஸ்டினில், 59 வயதில். டெக்சஸ் மாநிலக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. ஜோர்டன் பேச்சிலிருந்து எதை எடுக்கலாம், அக்கா?

1974 பேச்சின் தொடக்கம். ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்லுங்கள், எழுத்தில் படிப்பது பிறகு. "மக்களாகிய நாம்" என்று சொல்லிவிட்டு ஜோர்டன் அவசரப்படவே மாட்டார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து மேஜையில் வைப்பது போல இருக்கும். நான் இல்லை என்று சொல்லும்போதும் குரல் உயராது. பிள்ளைகள் அங்கேதான் கத்திவிடுவார்கள். கத்தாமல் சொல்லிப் பழகட்டும்.