டிரைவில் போட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: ஈரோட்டில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிளெக்ஸ் டிசைன்கள் எல்லாம் கடை கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. அதைக் கூகுள் டிரைவோடு சிங்க் செய்திருந்தேன். போன வாரம் கடைப் பையன் இடம் போதவில்லை என்று பழைய வேலைகளை அழித்துவிட்டான். டிரைவில் பார்த்தால் அங்கேயும் காணோம். இதற்கு நடுவில் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று வேறு எச்சரிக்கை வருகிறது. கிளவுடை நம்பலாமா? காசு கட்டி இடம் வாங்கட்டுமா?

பதில்: பையனைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் பிரவுசரில் டிரைவைத் திறந்து 'டிராஷ்' பகுதியைப் பாருங்கள். அழித்தவை அங்கே 30 நாள் இருக்கும். போன வாரம்தான் என்பதால் கிடைத்துவிடும். ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. டிராஷில் கிடப்பதும் அந்த 15 ஜிபி கணக்கில்தான் சேரும். இடம் காலியாகட்டும் என்று யாராவது 'எம்ப்டி டிராஷ்' அமுக்கினால் கதை முடிந்தது. கம்ப்யூட்டரில் சிங்க்கைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ('Pause'), ஃபோல்டரை ரீஸ்டோர் செய்து, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் இறக்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்படி நடந்ததற்கு டிரைவைக் குறை சொல்ல முடியாது. சிங்க்கின் வேலையே அதுதான்: இங்கே செய்த மாற்றம் அங்கேயும் நடக்கும், அழித்தாலும் சரி. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் புகுந்தால், பூட்டிய ஃபைல்கள்தான் மேலே போய்ச் சேரும். ஆகவே சிங்க் ஆகும் ஃபோல்டரை பேக்கப் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொரு பிரதி வேறிடத்தில் தனியாக இருக்க வேண்டும். இது சிறு கடைகளுக்கு மட்டும் நேரும் சங்கடம் இல்லை. தென்கொரியாவில் அரசு ஊழியர்களுக்கென்றே 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பு வசதி இருந்தது. 2025 செப்டம்பரில் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது அதிலிருந்த 858 டெராபைட் தரவு போயிற்று. அதற்கு வெளியே பேக்கப் எடுத்து வைத்திருக்கவில்லை.

உங்களுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் போதும். சனிக்கிழமை கடை சாத்தும் முன் அந்த வார வேலைகளை அதில் காப்பி செய்து, கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடந்தால் ரான்சம்வேர் அதையும் விடாது.

டிடிபிகாரர்கள் பலர் கோட்டை விடுவது ஃபான்ட் (எழுத்துரு) விஷயத்தில்தான். கோரல் டிரா ஃபைலை மட்டும் பத்திரப்படுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பாமினி மாதிரி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் யூனிகோடு அல்லாத ஃபான்ட்டில் அடித்த பத்திரிகையை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்: மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் கமாவும் செமிகோலனும் கலந்து நிற்கும். ஃபான்ட்கள் இருப்பது சி டிரைவில், விண்டோஸுக்குள். நீங்கள் சிங்க் செய்த ஃபோல்டரில் அவை கிடையாது. கடையில் பயன்படுத்தும் ஃபான்ட்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து டிசைன்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த வேலைக்கு ஃபான்ட் உள்ளடங்கிய பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து பார்ப்பதும் நல்லது.

வாடிக்கையாளர் சரிபார்க்க ப்ரூஃப் அனுப்புவதற்கு டிரைவ் அருமையான வசதி. லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று கொடுங்கள். 'எடிட்டர்' உரிமை கொடுக்க வேண்டாம், 'வியூவர்' போதும். திருத்தம் வந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல்_ஓகே' என்று பெருக்காமல், அதே ஃபைலில் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' போய்ப் புதியதை ஏற்றுங்கள். லிங்க் மாறாது, வாடிக்கையாளர் பழைய லிங்க்கைத் தட்டினாலும் புதுசுதான் தெரியும். பழைய வெர்ஷன்கள் பொதுவாக 30 நாள் இருக்கும். வாடிக்கையாளர் அனுப்பும் ஆதார், பான் படங்களை மட்டும் இந்த ஃபோல்டரில் சேர்க்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இனி 15 ஜிபி. அது டிரைவ், ஜிமெயில், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் முதல் போட்டோக்களும் கணக்கில் வருவதால், கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்கு என்றால் இடத்தைத் தின்பது பெரும்பாலும் உங்கள் போன் படங்களும் வீடியோக்களும்தான். இடம் தீர்ந்தால் மெயில் வருவதும் நின்றுவிடும். ஆர்டர் மெயிலில் வரும் கடைக்கு அது கட்டாது. ஆகவே கடைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். முடிந்த வேலைகளை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, நடப்பு வேலைகளை மட்டும் டிரைவில் வைத்தால் இலவச இடமே போதும். அதுவும் போதாவிட்டால் காசு கட்டி 100 ஜிபி வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் நாலைந்து இலவசக் கணக்குகள் திறந்து பிரித்துப் போடும் யோசனை வேண்டாம். எது எங்கே என்று தேடியே நேரம் போகும். இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடவும் கூடும்.

புதுக் கணக்கில் மொத்தத்தையும் ஏற்றும்போது பொறுமை வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் அப்லோட் வேகத்தில் 10 ஜிபி ஏறவே இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிடுங்கள். கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும்) போட்டு, போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய அது தரும் 10 பேக்கப் குறியீடுகளை அச்சடித்து பீரோவில் வையுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து அதே டிரைவிலேயே போட்டு வைத்துவிடாதீர்கள்.