குஞ்சுகளுக்குச் சூடு எவ்வளவு வேணும்? புரூடர் (குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் வட்டம்) கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 50 நாட்டுக்கோழிக் குஞ்சு நாளை மறுநாள் வருது. எத்தனை வாட் பல்பு? எல்இடி போதுமா?

பதில்: எல்இடி வெளிச்சத்துக்குத்தான் ஆகும், அதில் சூடு கிடையாது தம்பி. குண்டு பல்பு வாங்குங்க. குஞ்சுக்கு 2 வாட் கணக்கு, 50-க்கு 100 வாட். அதையும் ஒரே பல்பாப் போடாம 60 வாட்டில் இரண்டாப் போடுங்க. நடுராத்திரி ஒண்ணு ஃபியூஸ் போனாலும் இன்னொண்ணு எரியும். பல்பை ஒயரில் தொங்கவிடாதீங்க, சங்கிலி போட்டுக் கட்டுங்க. கழண்டு உமியில் விழுந்தா கொட்டாயே எரிஞ்சுடும்.

தகடோ அட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமா வளைச்சு நிறுத்துங்க, 4 அடி விட்டம் போதும். மூலை இருக்கவே கூடாது. குளிர்ந்தா எல்லாம் மூலையில் போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், அடியில் மாட்டினது மூச்சுமுட்டிச் செத்துடும். தரையில் 2 அங்குலம் உமி, அதுக்கு மேல முதல் மூணு நாள் செய்தித்தாள். வழவழப்பான தாள் வேண்டாம், கால் வழுக்கி விரிஞ்சுடும். குஞ்சு வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே பல்பை எரியவிடுங்க. காத்து சூடாகி உமி சில்லுன்னு இருந்தா, கால் வழியாவே குஞ்சு குளிர்ந்துபோகும்.

கேள்வி: தெர்மாமீட்டரை எங்கே மாட்டணும்? எத்தனை டிகிரி?

பதில்: பல்புக்கு நேர் கீழே வேண்டாம். சூட்டு வட்டத்தோட விளிம்பில், குஞ்சு முதுகு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 2 அங்குலத்தில் வைங்க. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைங்க. பல்பைக் கொஞ்சம் உயர்த்தினாலே குறையும்.

ஆனா தெர்மாமீட்டர் ஒரு இடத்துக் கணக்கைத்தான் சொல்லும். குஞ்சைப் பாருங்க. பல்புக்கு அடியில் குவிஞ்சு, ஓயாம கீச்சுகீச்சுன்னு கத்தினா குளிர். தகட்டோரமா ஒதுங்கி, வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கவிட்டா சூடு அதிகம். பரவலா மேஞ்சும் தூங்கியும் இருந்தா சரியா இருக்கு, மீட்டர் என்ன காட்டினாலும் மாத்தாதீங்க. ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை எழுந்து பார்க்கிறது ரொம்ப முக்கியம், குளிர் ஏறுறது அப்பதான்.

கேள்வி: சூடு சரியாத்தான் காட்டுது, ஆனா எல்லாமே ஒரே பக்கம் ஒட்டி நிக்குது.

பதில்: எதிர்ப்பக்கத்திலிருந்து காத்து அடிக்குது. அந்தப் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்க, மேலே ஒரு அடி திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் முழுசா மூடினா எச்சத்து நெடி உள்ளேயே தங்கி, கண்ணும் மூச்சும் கெடும்.

கேள்வி: ஐயா, எங்க ஊர் ஈரோடு. மே மாசம் பகல்ல 39 டிகிரி செல்சியஸ். பல்பு வேணுமா?

பதில்: பகலில் அணைச்சுடுங்க. 39 செல்சியஸ்னா 102 ஃபாரன்ஹீட், முதல் வாரக் குஞ்சுக்கே அது அதிகம். தண்ணி டப்பாவை நிழலில் வைச்சு, அடிக்கடி மாத்துங்க. ராத்திரி 27, 28-க்கு இறங்கினா முதல் வாரக் குஞ்சுக்குப் பல்பு கட்டாயம் வேணும்.

கேள்வி: கரண்ட் அடிக்கடி போகுது. கரிச்சட்டி வைக்கலாமா அண்ணே?

பதில்: மூடின அறையில் வைக்கவே வைக்காதீங்க. கரி கனலும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, குஞ்சோட உங்க உயிருக்கும் ஆபத்து. 2 லிட்டர் பாட்டில்களில் வெந்நீர் ஊத்தி, மூடியை இறுக்கி, சாக்கில் சுத்தி நடுவில் வைங்க. வட்டத்துக்கு மேல முக்கால் பாகம் சாக்கு போடுங்க. ஆற ஆறத் தண்ணியை மாத்தணும்.

கேள்வி: சில குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ஞ்சு ஒட்டிக்குது சார்.

பதில்: வழியில் குளிர்ந்திருக்கும், இல்லே சூடு மிஞ்சியிருக்கும். பிய்க்காதீங்க, தோலோட வரும். வெதுவெதுப்பான தண்ணியில் பஞ்சை நனைச்சு, ஊறவிட்டுத் துடைங்க. ஈரம் காய்ஞ்ச பிறகுதான் உள்ளே விடணும். தொப்புளை எச்சம்னு நினைச்சு இழுத்துடாதீங்க, அது வயித்துப் பக்கம் இருக்கும்.

கேள்வி: பல்பை எப்போ நிறுத்தலாம்?

பதில்: கோடையில் 3 வாரம், மார்கழிக் குளிரில் 4 வாரம், சில சமயம் அதுக்கும் மேல. நாளைவிட இறகைப் பாருங்க. முதுகு மூடியிருக்கணும். முதலில் பகலில் நிறுத்தி, ராத்திரி கூட்டமா குவியலைன்னா அப்புறம் ராத்திரியும் நிறுத்துங்க. 7-ம் நாள் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குச் சொட்டு மருந்து விடுறப்போ மட்டும் சூட்டைக் குறைக்காதீங்க, ரெண்டு நாள் தள்ளிக் குறைங்க.