இயக்குநர் பட்டியலைப் பார்த்து மென்பொருள் வாங்கலாமா?

வாசகர் கேள்வி பதில்: தொழில், வணிகம்

கேள்வி: எங்களுக்கு மூன்று சைவ உணவகங்கள், உட்லண்ட்ஸில் ஒரு மத்திய சமையற்கூடம். பில், ஆர்டர், சரக்கிருப்பு மூன்றையும் ஒரே மென்பொருளுக்கு மாற்ற மூன்றாண்டு ஒப்பந்தம் பேசிவருகிறோம். விற்க வந்தவர் இயக்குநர்கள் எட்டுப் பேரின் விவரத்தைக் கொடுத்தார். முன்னாள் வங்கியாளர், முதலீட்டு நிதியத்தார் இருவர், பெரிய நிறுவனத்தில் நிதித் தலைவராக இருந்தவர், பெயர்பெற்ற சமையல்காரர் எனப் பட்டியல் நீள்கிறது. இதில் நாங்கள் எதைப் பார்ப்பது?
– உணவக உரிமையாளர், சிராங்கூன் சாலை

பதில்: எட்டுப் பேரும் இயக்குநர்கள்தானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். 'சேல்ஸ் டைரக்டர்' என்பது வெறும் வேலைப் பெயராக இருக்கலாம். 'ஆலோசகர்' என்று படம் போட்டிருக்கும் சமையல்காரருக்கு இயக்குநர் கூட்டத்தில் வாக்கே இருக்காது. சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் 5.50 வெள்ளி கட்டினால் நிறுவனத்தின் பதிவு விவரம் கிடைக்கும். இயக்குநர்கள் யார், எப்போது நியமிக்கப்பட்டார்கள், பங்குதாரர்கள் யார், செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு, ஆண்டறிக்கையைக் கடைசியாக எப்போது தாக்கல் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எட்டுப் பேரில் இருவர் பெயர்தான் அதில் வருகிறது என்றால், மற்றவர்கள் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் இயக்குநர்களாக இருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் எந்த நிறுவனத்தோடு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு பின்னணிக்கு வாருங்கள். ஓர் இயக்குநர் எங்கிருந்து வந்தார் என்பது, ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டில் அந்த நிறுவனம் எதற்குப் பணம் செலவிடும், எதைக் கைவிடும் என்பதை ஓரளவு காட்டிவிடும்.

அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்தால் இது விளங்கும். ஆன்லைன் ஆர்டர் மென்பொருள் செய்யும் ஓலோவின் இயக்குநர் குழுவில், ஷேக் ஷாக் உணவகத் தொடரைத் தொடங்கிய டேனி மேயர் இருந்திருக்கிறார். அதே குழுவில் முதலீட்டு நிதியத்தாரும் இருந்தனர். 2021இல் பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனத்தை, 2025இல் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 200 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கொண்டது. உணவகத்தை நன்கறிந்தவர் குழுவில் இருந்தாலும் நிறுவனம் கைமாறலாம். உணவக மென்பொருள் செய்யும் டோஸ்ட் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற மார்க் ஹாக்கின்ஸ், சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் முன்னாள் நிதித் தலைவர். டோஸ்ட்டின் வருமானத்தில் பெரும்பங்கு மென்பொருள் சந்தாவிலிருந்து அல்ல, அட்டைப் பரிவர்த்தனைகளிலிருந்து வருகிறது. ஆகவே வங்கி, பணப் பரிவர்த்தனைத் துறைகளிலிருந்து வந்த இயக்குநர்கள் மிகுந்திருந்தால், மாதச் சந்தாவைவிடப் பரிவர்த்தனைக் கட்டணத்தை உற்றுப் பாருங்கள். நெட்ஸ், பேநவ், கடன் அட்டை எனப் பணம் செலுத்தும் வழி ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காடு, வேறு வங்கியின் கருவியை இணைக்க விடுவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நிதியத்தார் இருவர் என்கிறீர்கள். இத்தகைய நிதியங்களுக்குப் பெரும்பாலும் பத்தாண்டு ஆயுள். அதற்குள் பங்கை விற்றாக வேண்டும். எந்த ஆண்டில் முதலீடு செய்தார்கள் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விதிகள் கட்டாயம் இருக்கட்டும். நிறுவனம் கைமாறினால் அபராதமின்றி விலகலாம். சந்தா உயர்வுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. விலகும்போது உணவுப் பட்டியல், செய்முறை, விற்பனைத் தரவுகளை எக்செல்லில் திறக்கும் வடிவில் 30 நாளுக்குள் தர வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால், மாறும் நாளில் நூற்றுக்கணக்கான பண்டங்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டிவரும்.

சமையற்கூடம் அறிந்த ஒருவர் சொல்லை அந்த நிறுவனம் கேட்கிறதா என்பதைப் பெயர்ப் பட்டியலைவிட மென்பொருளே நன்றாகச் சொல்லும். செயல்விளக்கத்தின்போது உங்கள் தோசைமாவையே கொடுத்துப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் சேர்ந்து மாவாகிறது. அந்த மாவு தோசை, இட்லி, ஊத்தப்பம் மூன்றுக்கும் போகிறது. இப்படிச் செய்முறைக்குள் செய்முறையை மென்பொருள் ஏற்கிறதா? இரவில் 20 லிட்டராக இருந்த மாவு காலையில் பொங்கி 30 லிட்டராகத் தெரியலாம். எடை ஏறக்குறைய அதேதான். லிட்டரில் மட்டும் கணக்கு வைக்கும் மென்பொருள், இல்லாத மாவை இருப்பில் காட்டும். வெங்காயம் 10 கிலோவை 15 வெள்ளிக்கு வாங்கி, உரித்தபின் 8.8 கிலோ நின்றால் அடக்கவிலை கிலோ 1.50 அல்ல, 1.70. இந்தக் கழிவைப் பதிய இடமில்லையென்றால் தட்டுக்கு எவ்வளவு லாபம் என்று அது காட்டும் எண் எதையும் நம்ப வேண்டாம்.

பில்லையும் போட்டுப் பாருங்கள். 100 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 10% சேவைக் கட்டணம், அந்த 110இன்மேல் 9% பொருள் சேவை வரி, ஆக 119.90. சிலவற்றில் இரண்டையும் கூட்டி 19% என்று அமைத்துவிடுவார்கள். 119 வரும், வரியில் 90 காசு குறையும். பொட்டலம் கட்டினால் சேவைக் கட்டணம் தானாக நீங்கி 109 வர வேண்டும்.

கேள்வி: நான் 20 ஆண்டாகச் சமையல் துறையில் இருக்கிறேன். உணவக மென்பொருள் நிறுவனம் தொடங்கும் நண்பர், "பேருக்கு டைரக்டராக இருங்க அண்ணே, வேலை ஒண்ணும் இல்ல" என்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: 'பேருக்கு' என்றால் வேண்டாம். சிங்கப்பூர்ச் சட்டம் பெயரளவு இயக்குநர் என்று தனிச் சலுகை எதுவும் தருவதில்லை. நேர்மையாகவும் தக்க கவனத்தோடும் செயல்படும் கடமை எல்லா இயக்குநர்களுக்கும் ஒன்றுதான். கணக்கு தாக்கலாகாவிட்டால் நீதிமன்ற அழைப்பாணை உங்கள் வீட்டுக்கும் வரலாம். நண்பர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்பது சட்டம். அந்த இடத்தை நிரப்பத்தான் உங்களைக் கூப்பிடுகிறாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மற்றொருவர் சொற்படி நடக்கும் நாமினி இயக்குநர் என்றால் அதை அக்ராவிடம் தெரிவித்தாக வேண்டும்.

உங்கள் அனுபவம் அந்த நிறுவனத்துக்கு உண்மையிலேயே தேவை. அதைக் கொடுக்க இரண்டு வழி உண்டு. ஆலோசகராக, மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊதியம் பேசி எழுத்தில் வாங்கலாம். இயக்குநராகத்தான் வேண்டுமென்றால், வங்கிக் கணக்கு அறிக்கையும் மாதக் கணக்கும் உங்கள் பார்வைக்கு வர வேண்டும், கூட்டக் குறிப்பில் உங்கள் மறுப்பு பதிவாக வேண்டும், இயக்குநர் பொறுப்புக் காப்புறுதி எடுக்க வேண்டும். நண்பர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் முதல் வழியோடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் பிஎஸ்ஜி மானியப் பட்டியலில் உள்ள மென்பொருள் என்றால் இயக்குநர்களை விசாரிக்கத் தேவையில்லைதானே?
– வாசகி, தேக்கா

பதில்: தேவைதான். அந்தப் பட்டியல் மென்பொருள் தீர்வைப் பற்றியது, உங்கள் ஒப்பந்த விதிகளுக்கு அது பிணை நிற்காது. தகுதியுள்ள செலவில் 50% வரை மானியம் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலோ முன்பணம் கொடுத்தாலோ அதுவும் போய்விடும். "இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்று விற்பனையாளர் நெருக்கினால், விலைப்புள்ளியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு முதலில் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.