மகன் சொப்பு வைத்து விளையாடுகிறான், தவறா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஏழு. அக்காவின் அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளை வைத்துக்கொண்டு இட்லி சுடுவதும் காபி ஆற்றுவதும்தான் மகனுக்கு நாள் முழுக்க விளையாட்டு. மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. போன வாரம் அவன் கையிலிருந்து அடுப்பைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். "ஆண் பிள்ளைக்கு எதற்கு இது?" என்று அதட்டல் வேறு. என் கணவர் மறுநாளே ரிமோட் கார் வாங்கி வந்தார். மகன் அதைச் சீண்டவில்லை. மகளும் அதைத் தொடுவதில்லை, "அது பையன்களுக்கு" என்கிறாள். மகனின் குணம் மாறிவிடுமோ என்று எனக்கும் உள்ளூரப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, ஒரு சொப்புப் பானை யாருடைய குணத்தையும் மாற்றிவிடாது. உங்கள் மகன் எப்படி வளர்ந்தாலும் உங்கள் பிள்ளைதான்; அதற்கு இந்த விளையாட்டு காரணமும் ஆகாது. நான்கு வயதில் பிள்ளைகள், வீட்டில் பெரியவர்கள் செய்வதைத் தாங்களும் செய்து பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் அவன் அதிகம் பார்ப்பது சமையலாக இருக்கும். மாவை ஊற்றி, வெந்ததா என்று பார்த்து, "சாப்பிடுங்கள்" என்று தட்டை நீட்டும்போது, எதிரில் இருப்பவருக்குப் பசிக்கும் என்று எண்ணிப் பார்க்கப் பழகுகிறான். இதை அவனிடமிருந்து பிடுங்க எந்த நியாயமும் இல்லை.

மாமனார், இதுதான் காலங்காலமாக நம் வழக்கம் என்று சொல்லக்கூடும். பழைய வழக்கம் என்பது உண்மைதான். தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக எண்ணிப் பாடும் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. காப்பு முதல் அம்புலி வரை முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. தாலாட்டுவது, கைகொட்டச் சொல்வது, முத்தம் கேட்பது, நிலவை விளையாட அழைப்பது எல்லாம் இருவருக்கும் பொது. அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இதில் சிற்றில் பருவத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். பையன் வந்து காலால் அதைச் சிதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பாடல்கள் அத்தனை அழகு, நான் திரும்பத் திரும்பப் படிப்பவை. ஆனால் அவள் கட்டுவாள், அவன் உடைப்பான், அவள் கெஞ்சுவாள் என்ற ஏற்பாட்டை இன்றைய பிள்ளைகளிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகன் தானாகவே கட்டுகிறவர்கள் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறான். அங்கிருந்து அவனை எழுப்பிவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் மகள்தான். அவளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தம்பி கையிலிருந்து தாத்தா அடுப்பைப் பிடுங்கியபோது அவளும் அங்கே இருந்திருந்தால், அவளுக்குப் போய்ச் சேர்ந்த பாடம் என்ன? தம்பி தொட்டால் தம்பிக்கே இழுக்கு, ஆனால் தனக்கு மட்டும் அது பொருத்தம். அவளை யாரும் அதட்டவில்லை, அவளிடமிருந்து எதையும் பிடுங்கவும் இல்லை. அதனாலேயே யாரும் கவனிக்கவில்லை.

பெரியவர்களான நாம் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே அது ஆணா, பெண்ணா என்பதைப் பார்த்துவிடுகிறோம். 1976இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெட்டியிலிருந்து திடீரென்று துள்ளியெழும் பொம்மையைக் கண்டு ஒன்பது மாதக் குழந்தை கலங்கும் காட்சியைப் பலருக்குக் காட்டினார்கள். ஆண் குழந்தை என்று நம்பியவர்களுக்கு அது கோபமாகப் பட்டது. பெண் என்று நம்பியவர்களுக்குப் பயமாகப் பட்டது. குழந்தை ஒன்றுதான், காட்சியும் ஒன்றுதான். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு, நான்கு முதல் ஏழு வயது வரையிலான 37 சிறுமிகளை வைத்துச் செய்யப்பட்டது. சிறிய ஆய்வுதான் என்றாலும் என்னால் மறக்க முடியவில்லை. சிலருக்குப் பார்பி பொம்மையும் சிலருக்கு உருளைக்கிழங்கு உருவப் பொம்மையும் கொடுத்துச் சில நிமிடம் விளையாட விட்டார்கள். பிறகு, பெரியவளானால் என்னென்ன வேலை செய்ய முடியும் என்று கேட்டார்கள். பார்பியோடு விளையாடிய சிறுமிகள், பையன்களால் முடியும் என்று சொன்னதைவிடக் குறைவான வேலைகளையே தங்களால் முடியும் என்றார்கள்.

விருப்பத்தில் பிறவியிலேயே ஓரளவு வேறுபாடு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இருக்கட்டுமே. விருப்பம் தானாக வருவதென்றால் யாரும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் கூலியில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். இந்த இடைவெளி பிறவியில் வந்தது என்று நான் நம்பமாட்டேன்.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பரணில் கிடக்கும் அடுப்பை இன்றே இறக்கிக் கொடுங்கள். மாமனாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அவரிடம் பேச வேண்டியவர் அவருடைய மகன். கல்யாணப் பந்தியில் ஆண்கள் சமைத்ததை இத்தனை காலம் ருசித்துச் சாப்பிட்டவர்தானே உங்கள் மாமனார், அதைக் கணவர் மரியாதையாக நினைவூட்டட்டும். அதோடு கணவரும் அடுக்களையில் நிற்பது பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும். அப்பா தோசை ஊற்றுவதைப் பார்த்து வளரும் பையனுக்கும் பெண்ணுக்கும் இதைத் தனியாக விளக்கத் தேவையிருக்காது. மகனைக் கீரை ஆயவும் பட்டாணி உரிக்கவும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் ரிமோட் காரைத் திணிக்காதீர்கள். பேட்டரி மாற்ற வேண்டிய நாளில் ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்து, அவளே கழற்றி மாட்டும்வரை பொறுமையாக உடன் இருங்கள். பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று உறவினர்கள் கேட்டால் அடுக்கும் கட்டைகள், பந்து, சைக்கிள் என்று தயங்காமல் சொல்லுங்கள். கட்டைகளை அடுக்கிப் பழகும் பிள்ளைக்குப் பின்னாளில் வடிவியல் அந்நியமாகத் தெரியாது.

நுங்கு வரும் காலத்தில் குரும்பைகளை எறிந்துவிடாதீர்கள். இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி ஓடும். உங்கள் மாமனார் தன் சிறுவயதில் செய்திருப்பார். பேரனுக்கும் பேத்திக்கும் ஆளுக்கொன்று செய்யக் கற்றுத்தரும்படி அவரிடமே கேளுங்கள்.