வட இந்தியாவில் 8 நாள் சுற்றினால் ரொட்டியும் பனீரும் தவிர வேறென்ன கிடைக்கும்?

"அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு அம்ரித்சர், டெல்லி, லக்னோ, காசி போகிறோம். அம்மா சைவம். பார்க்க நிறைய இருக்கிறது, சாப்பாடுதான் எங்கே போனாலும் ரொட்டி, பனீர் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் "புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கட்டிக்கொண்டு போங்கள்" என்பது. கட்டிக்கொண்டு போங்கள், தப்பில்லை. ஆனால் அதைப் பிரிக்க வேண்டிய அவசியமே வராது.

நம் ஊர் மெனு அட்டையில் 'நார்த் இந்தியன்' என்ற தலைப்பின் கீழே இருப்பதில் பெரும்பகுதி 1947க்குப் பிறகு டெல்லி ஹோட்டல்களில் உருவான பஞ்சாபிச் சாப்பாடு. பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பெஷாவரிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் தந்தூர் அடுப்பைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தக்காளி, வெண்ணெய், க்ரீம் போட்ட கிரேவி அந்தக் கடைகளில் பிறந்து ஊர் ஊராகப் பரவியது. அதை வைத்து லக்னோவையும் காசியையும் எடை போடுவது, விமான நிலையத்து இட்லியைத் தின்றுவிட்டுத் தமிழ்நாட்டுச் சாப்பாடு இவ்வளவுதான் என்று சொல்வதைப் போல.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த ஊர்களின் பேர்போன சாப்பாட்டில் பாதி காலையில் கிடைப்பது, பத்து பத்தரைக்குள் தீர்ந்துபோவது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அறை வாடகையோடு வரும் 'இலவச' காலை உணவை விட மனசில்லாமல் எட்டரை மணிக்குக் கீழே இறங்கி, ஆறிப்போன உப்புமாவையும் பிரெட்டையும் தின்றுவிட்டுப் பதினொரு மணிக்குத் தெருவுக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் மிச்சமிருப்பது ரொட்டியும் பனீரும்தான். அறை போடும்போதே காலை உணவு சேராத கட்டணத்தை எடுங்கள். காலையில் வயிறு நிறைய, மதியம் தயிர், பழம், கிச்சடி என்று இலேசாக, மாலையில் சாட், இரவில் ஒரே ஒரு கனமான உணவு. நான்கு பேருக்கு இரண்டு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

தேதியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், காலை விமானங்களும் தப்பாது. காசியில் விடியற்காலைப் படகில் ஏறினால் எதிர்க்கரை இல்லை, படித்துறையே மங்கலாகத்தான் தெரியும். பிப்ரவரி முதல் இரண்டு வாரம் போக முடிந்தால் பனி பெரும்பாலும் விலகியிருக்கும், குளிர்காலப் பண்டங்களும் இருக்கும். பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது என்றால், ஓர் ஊரில் இறங்கிய அன்றே அடுத்த ரயிலைப் பிடிக்கும் திட்டம் மட்டும் வேண்டாம். 8 நாளை அம்ரித்சர் ஒன்றரை, டெல்லி ஒன்றரை, லக்னோ 2, காசி 3 என்று பிரியுங்கள். டெல்லிக்கு ஒன்றரை நாளா என்று டெல்லிவாழ் தமிழர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அம்ரித்சரில் பொற்கோவிலுக்கு விடியுமுன் போய்விடுங்கள். இரவில் எதிரே இருக்கும் அகால் தக்துக்கு எடுத்துச் செல்லப்படும் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப் அதிகாலையில் பல்லக்கில் திரும்பி வரும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாள் மாலையே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். தலையை மூட வேண்டும், வாசலில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும், புகையிலைப் பொருள் எதுவும் பையில் இருக்கக் கூடாது. 'லங்கர்' என்ற இலவசப் பந்திச் சாப்பாடு 24 மணி நேரமும் உண்டு, முழுச் சைவம். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்குவது முறை. தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். பாத்திரம் கழுவுமிடத்தில் யார் வேண்டுமானாலும் போய் நின்று கழுவலாம்.

அதன்பிறகு குல்சா. மைதா மாவை நெய் தடவி மடிப்பு மடிப்பாக உருட்டி, உள்ளே உருளைக்கிழங்கு, வெங்காயம், இடித்த தனியா, காய்ந்த மாதுளை விதை, ஓமம் வைத்துத் தந்தூர் சுவரில் அறைவார்கள். வெந்ததும் இரண்டு கையாலும் நொறுக்கி, மேலே வெண்ணெய் வைத்து, கொண்டைக்கடலையும் புளி வெங்காயச் சட்னியும் கூடத் தருவார்கள். நொறுக்கும்போது அடுக்கு அடுக்காக உதிர வேண்டும். ரப்பர் மாதிரி இழுத்தால் அது காலையில் சுட்டு வைத்துச் சூடு காட்டியது, கடையை மாற்றுங்கள். பெரும்பாலான குல்சா கடைகளில் மதியத்தோடு மாவு தீரும். ஜலியான்வாலா பாக் பொற்கோவிலுக்குப் பக்கத்திலேயே, டவுன் ஹாலில் பிரிவினை அருங்காட்சியகம். அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு டெல்லி போனால், மேலே சொன்ன தந்தூர் கதை தானாகப் புரியும்.

இரவுக்குக் கடுகுக் கீரைச் 'சர்சோன் கா சாக்'. வீட்டில் செய்து கசந்தது என்பவர்களுக்கு: ஒரு கிலோ கடுகுக் கீரைக்குக் கால் கிலோ பசலை, கால் கிலோ சக்கரவர்த்திக் கீரை சேர்க்காவிட்டால் கசக்கத்தான் செய்யும். சிறு தீயில் ஒன்றரை இரண்டு மணி நேரம் வேகவைத்து மரமத்தால் கடைய வேண்டும், மிக்சியில் அடித்தால் பசையாகிவிடும். 2 மேசைக்கரண்டி மக்காச்சோள மாவைக் கடைசியில் தூவினால்தான் நீர் பிரியாமல் நிற்கும்.

டெல்லியில் உங்கள் நாள் வியாழனாக அமையட்டும். நிஜாமுத்தீன் தர்காவில் வியாழன் மாலை கவ்வாலி என்ற சூஃபிப் பாட்டு விசேஷம். நிஜாமுத்தீன் அவுலியாவும் அவருடைய சீடர் அமீர் குஸ்ரோவும் 1325இல் மறைந்தவர்கள், அடக்கமும் அடுத்தடுத்து. அவுலியாவின் சமாதி அறைக்குள் பெண்களை விடுவதில்லை, அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. ஆக்ரா போவதாக இருந்தால் வெள்ளியன்று தாஜ் மூடியிருக்கும். சாந்தினி சௌக்குக்குக் காலை எட்டு மணிக்கே போய்விட்டால் ஒரே தெருவில் ஜைனர் கோவில், கௌரிசங்கர் கோவில், சீஸ்கஞ்ச் குருத்வாரா, ஃபதேபூரி மசூதி என்று நடந்தே முடித்துவிடலாம். ஜாமா மசூதிப் பக்கம் இரவெல்லாம் வெந்த 'நிஹாரி' என்ற கறிக்குழம்பை விடியலில் திறப்பார்கள். கினாரி பஜார் சந்துகளில் பெரிய தாம்பாளத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை நுரையை வைத்திருந்தால் அதுதான் 'தௌலத் கி சாட்'. பெயரில்தான் சாட், காரம் கிடையாது.

இதே நுரைக்கு லக்னோவில் 'மக்கன் மலாய்', காசியில் 'மலையோ'. குளிர்காலத்தில் மட்டும் உண்டு. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இரவு முழுக்கத் திறந்தவெளியில் பனியில் வைத்து, விடியுமுன் மத்தால் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் வழித்தெடுப்பார்கள். பனித்துளி விழுந்தால்தான் நுரை வரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வேலையைச் செய்வது குளிர்தான்: குளிர்ந்த பாலில் கொழுப்பு பாதி உறைந்து காற்றுக் குமிழியைச் சுற்றிக் கவசமாக நிற்கிறது, வெயில் ஏறினால் கொழுப்பு இளகிக் குமிழி உடைகிறது. பத்து மணிக்கு மேல் போனால் கிடைப்பது சர்க்கரைத் தண்ணீர். காசியில் மண்குவளையில் நுரையைத் தின்று முடித்ததும் குங்குமப்பூ போட்ட பாலை அதிலேயே ஊற்றுவார்கள், அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டுமானால் ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பால், 200 மில்லி க்ரீம். காய்ச்சி ஆறியபின் 8 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பாத்திரத்தைப் பனிக்கட்டி மேல் அமர்த்திக் குறைந்த வேகத்தில் அடியுங்கள். நுரையை வழித்து வடிகட்டியில் சேருங்கள், வடியும் பாலைத் திரும்ப அடிக்கலாம். வேகம் கூடினால் வெண்ணெய் திரளும். சர்க்கரைப் பொடியைப் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். யூடியூபில் விப்பிங் க்ரீமை அடித்து மஞ்சள் நிறம் சேர்த்து "காசி மலையோ ரெடி" என்கிறார்களே, அது கேக் மேல் பூசுவது.

லக்னோவில் பரா இமாம்பாரா கண்டிப்பாகப் பாருங்கள். 1784 பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுக்க நவாப் ஆசஃப்-உத்-தௌலா தொடங்கிய கட்டடம். நடுக்கூடம் ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், தூணும் உத்தரமும் இல்லை. அந்த வேலையாட்களுக்குச் சமைத்ததில்தான் 'தம்' போடுவது பிறந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மூடி வேகவைப்பது பாரசீகச் சமையலில் அதற்கு முன்பே உண்டு. கதக் நடனம் பிடிக்குமென்றால் பிர்ஜு மகராஜ் குடும்பத்தாரின் பழைய வீடான 'கால்கா பிந்தாதீன் கி டியோடி' இப்போது அருங்காட்சியகம்.

அங்கே கறி சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கபாப் கடையில் 'படே கா' என்றால் எருமை, 'சோட்டே கா' என்றால் ஆடு. விலை பாதிக்குப் பாதி குறைவாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். இதை எழுதியதற்கு யாரும் கொடி பிடிக்க வேண்டாம், சாப்பிடுபவர் தெரிந்து சாப்பிடட்டும், வேண்டாதவர் தெரிந்து தவிர்க்கட்டும். கலௌட்டி கபாப் வாயில் கரைவதற்குக் காரணம் பச்சைப் பப்பாளி. அரைக் கிலோ கொத்துக்கறியை இரண்டு முறை அரைத்து, 2 மேசைக்கரண்டி பப்பாளி விழுது சேர்த்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கூழாகித் தவாவில் உதிரும். அம்மாவுக்குப் பலாக்காய் கபாப், ஷீர்மால் என்ற இலேசாக இனிக்கும் ரொட்டி, மாலையில் கூடைச் சாட். இங்கேயும் 'குல்சா' என்று ஒன்று உண்டு, நிஹாரியோடு தொட்டுக்கொள்வது. அம்ரித்சர் குல்சாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

லக்னோ என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர்க் கண்காட்சிகளில் 'ஒரிஜினல் லக்னோ சிக்கன்காரி கைவேலை' என்று மிஷின் எம்ப்ராய்டரியை மூன்று மடங்கு விலைக்குத் தள்ளுகிறார்கள், கேட்டால் முறைக்கிறார்கள். துணியைப் புரட்டிப் பாருங்கள். கைவேலையின் பின்பக்கம் முடிச்சும் நூல்முனையும் ஒழுங்கில்லாமல் இருக்கும், ஒரு பூ இன்னொரு பூவைப் போல இருக்காது. அச்சுக்கட்டையால் பதித்த நீல மையின் தடம் சில இடத்தில் தெரியும், துவைத்தால் போய்விடும். மிஷின் வேலை எல்லாப் பூவிலும் ஒரே அச்சு, பின்னால் இன்னொரு நூல் ஓடும். அந்த நுணுக்க வேலை செய்யும் பெண்களுக்குக் கிடைக்கும் கூலி சொற்பம். அவர்கள் பெயரைச் சொல்லி மிஷின் துணி விற்பதுதான் எரிச்சல்.

காசிக்கு 3 நாள் சொன்னது காலைகளுக்காக. அஸ்ஸி படித்துறையில் விடியல் ஆரத்தி, சங்கீதம் முடிந்ததும் நேரே கச்சோரிக் கடைக்கு. உளுந்து பூரணம் வைத்துப் பூரி போல உப்பும் பெரிய கச்சோரி, உருளைக்கிழங்கு வைத்து மொறுமொறுவென்று இருக்கும் சின்னது, இரண்டுக்கும் உருளை-கடலைக் குழம்பு, முடிவில் சூடான ஜிலேபி. பத்தரைக்குள் சட்டி கழுவிவிடுவார்கள். மாலையில் 'டமாட்டர் சாட்': தக்காளியையும் உருளையையும் நெய்யில் தவா மேல் மசித்து, சீரகப் பாகு ஊற்றி, மண்குவளையில் தருவது. ஒரு நாள் இரவு 'பாட்டி சோக்கா': 'சத்து' என்ற வறுகடலை மாவை உள்ளே வைத்த கோதுமை உருண்டையை வறட்டித் தணலில் சுட்டு, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு. மசியலில் பச்சைக் கடுகெண்ணெய் விடுவார்கள். நெடி பிடிக்காதவர்கள் முன்பே சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள்.

தண்டாய் என்ற மசாலாப் பால் விற்கும் கடையில் 'பினா பாங்' (பாங் என்ற கஞ்சா இலை விழுது இல்லாமல்) என்று அழுத்திச் சொல்லுங்கள். பாங் சேர்த்தது ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது குவளை குடிப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். பீடாவுக்கும் அப்படியே, 'ஜர்தா' என்றால் புகையிலை, 'மீட்டா' என்று கேளுங்கள். பிணம் எரிக்கும் மணிகர்ணிகைப் படித்துறையில் போனைப் பைக்குள் வையுங்கள், எரிவது யாரோ ஒருவருடைய அப்பா.

ஐந்தாறு நாள் ஆனதும் அம்மாவுக்குச் சோறும் ரசமும் கேட்கும். கேதார், ஹனுமான் படித்துறைகள் பக்கம் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பகுதி, பாரதி இளம் வயதில் தங்கிப் படித்ததும் ஹனுமான் படித்துறைப் பக்கம்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 1863 முதல் காசியில் இருக்கிறது. தங்க விரும்பினால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள், கார்த்திகை, தை மாதங்களில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.