சிகாகோ: காலியான மைதானம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாவட்ட அணியில் வாலிபால் ஆடுகிறவள். “அது விளையாட்டையே துரத்திவிட்ட இடம், அங்கே போய் என்ன செய்வாள்?” என்று என் மச்சான் கேட்கிறார். உண்மையா?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மச்சான் சொன்னது பாதி உண்மை. ஆனால் துரத்தப்பட்டது ஒரே ஒரு ஆட்டம், அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.

ஒருகாலத்தில் அந்த ஆட்டத்தில் சிகாகோ ராஜா. சிறந்த கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரருக்குத் தரும், இன்று ஹைஸ்மன் விருது எனப்படும் பரிசை 1935-ல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் அங்கே படித்தவர். நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1939-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அணியிடம் 85-0 என்று உதை வாங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அணியையே கலைத்துவிட்டார். தோற்ற பிறகு கலைத்ததில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆனாலும் செய்தது சரிதான். கூட்டமும் வசூலும் படிப்பைவிடப் பெரிதாகிவிட்டால் யாராவது ஒருவர் கடையைச் சாத்தத்தான் வேண்டும்.

கால்பந்து போனபின் காலியாகக் கிடந்த அரங்கின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில், ஒரு ஸ்குவாஷ் கூடத்தில், 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதல் அணு உலையை இயக்கியது. ‘விளையாட்டு போனது, விஞ்ஞானம் வந்தது’ என்று இதை மேடையில் பேசுவார்கள். நம்பாதீர்கள். ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில் அமைப்பதாகத்தான் திட்டம். தொழிலாளர் தகராறில் அங்கே கட்டுமானம் தாமதமானதால் நடு ஊருக்கு வந்தது. சுற்றிலும் ஜனம் குடியிருக்கும் இடத்தில் அணு உலை! நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

1969-ல் கால்பந்து திரும்பியது, ஆரவாரமில்லாமல். இப்போது சிகாகோவின் எல்லா ஆட்டங்களும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் மூன்றாம் பிரிவில் நடக்கின்றன. எமரி, கார்னகி மெலன், நியூயார்க் பல்கலைக்கழகம் போன்றவை எதிரணிகள். பெண்கள் வாலிபால் அணியும் உண்டு. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: இந்தப் பிரிவில் ஆட்டத்துக்கென்று உதவித்தொகை கிடையாது. கட்டணத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

பழைய மைதானம் இருந்த இடத்தில் 1970-ல் ரெகன்ஸ்டைன் நூலகம் வந்தது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் பல ஆண்டுகள் பாடம் நடத்திய வளாகம் அது. நூலகத்தின் தெற்காசியப் பகுதியில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. பயிற்சி முடிந்து களைத்து வரும் நாளில் மகளை அங்கே போய் உட்காரச் சொல்லுங்கள்.