ஏரிக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் போதுமா?

கேள்வி: கோடைக்கு மட்டும் போய்த் தங்க ஏரிக்கரையில் சின்ன வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். குளிர்காலத்தில் ஏரியே உறைந்துபோகும் இடம். ஹீட்டரைக் குறைத்து வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் போதும் என்கிறார் என் கணவர். சரியா? படகுத்துறையைக் கழற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் கணவர் மின்சாரத்தை ரொம்பவே நம்புகிறார். கடுங்குளிரில் ஓர் இரவு கரண்ட் போனால் போதும், குழாயில் நிற்கிற தண்ணீர் உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும், அந்த அழுத்தத்தில் எங்காவது விரிசல் விடும். கட்டியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இளகும்போதுதான் கொட்டும், அதுவும் ஆளில்லாத வீட்டில்.

அதனால் தண்ணீரையே வெளியேற்றிவிடுங்கள். முதலில் சுடுநீர்த் தொட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் தண்ணீர் வடிந்ததும் உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிவிடும். அப்புறம் பம்பை அணைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்து, தாழ்வான இடத்தில் இருக்கும் வால்விலிருந்து வடியவிடுங்கள். பம்ப், ஃபிளஷ் டேங்க், வாஷிங் மெஷின், ஷவர் குழாய் இவற்றில் மிச்சம் தங்கும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்தால் இன்னும் நல்லது.

சிங்குக்குக் கீழே இருக்கும் வளைவை மட்டும் காலியாக விடாதீர்கள், கழிவுநீர்க் குழாயின் நாற்றம் வீட்டுக்குள் ஏறும். குழாய்களுக்கென்றே விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃபிரீஸை (உறையாமல் தடுக்கும் திரவம்) அதில் ஊற்றுங்கள். காருக்கு ஊற்றுவது வேண்டாம், அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது விஷம்.

படகுத்துறை கழற்றக்கூடியது என்றால் யோசிக்காமல் கழற்றிக் கரையேற்றுங்கள். பனிப்பாளம் தூண்களைக் கவ்விக்கொள்ளும், நீர்மட்டம் ஏறினால் தூணையும் பிடுங்கிக்கொண்டு ஏறும், வசந்தத்தில் காற்றடித்தால் பாளம் பாளமாகக் கரையில் வந்து மோதும். கழற்ற முடியாத துறைக்குச் சிலர் நீருக்கடியில் காற்றுக் குமிழி விடும் கருவி வைக்கிறார்கள். அடியில் தங்கும் 4 டிகிரித் தண்ணீர் மேலே வந்து பனியைத் தடுக்கும். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. அதற்கும் கரண்ட் வேண்டும், போதாததற்குச் சுற்றிலும் பனி மெலிந்து, தெரியாமல் நடக்கிறவர் உள்ளே விழுவார். வைத்தே தீர வேண்டுமென்றால் எச்சரிக்கைப் பலகை அவசியம்.

எலியா? 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும், இரும்புக் கம்பளியால் அடையுங்கள், சோப்பைக்கூட வீட்டில் விட்டுவைக்காதீர்கள், அதையும் எலி கடிக்கும். ஃபிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள், ஆளில்லாத வீட்டுக்கென்று தனி நிபந்தனைகள் இருக்கலாம்.

கோடையில் திரும்பிப் போனதும் அவசரப்பட்டுச் சுடுநீர்த் தொட்டியின் ஸ்விட்சைப் போட வேண்டாம். தொட்டி நிரம்பி, சுடுநீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வந்த பிறகு போடுங்கள்.